பழைய மின்சார கார் வாங்குகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும்முன் பேட்டரியைப் பார்த்துவிடுங்கள்

பழைய பெட்ரோல் கார் வாங்கும்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. பானெட்டைத் திறப்பார், சத்தம் கேட்பார், புகையைப் பார்ப்பார், "எடுக்கலாம்" அல்லது "வேண்டாம்" என்பார். மின்சார காரில் அவருக்குப் பார்க்க அதிகம் இல்லை. காரின் விலையில் ஒரு பெரிய பங்கு சீட்டுக்கு அடியில், மூடி முத்திரை வைத்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பற்றி விற்பவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "பேட்டரி சூப்பரா இருக்கு சார்."

சென்னையில் இப்படி ஒரு கார் தேடி அலைந்தபோது யாரிடமும் முழுப் பதில் கிடைக்கவில்லை. புரோக்கருக்குக் கிலோமீட்டர் மட்டும் தெரியும். சர்வீஸ் சென்டரில் ஓனர் வந்தால்தான் பேசுவோம் என்றார்கள். வங்கியில் மின்சார கார் என்றதும் வட்டியை ஏற்றினார்கள். கடைசியில் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி இங்கே தருகிறேன். தமிழ்நாட்டில் பதிவான, சொந்த உபயோகத்துக்கான காரை மனதில் வைத்து எழுதியது. சோதனைகளுக்கு ஒரு வாரம், பெயர் மாற்றத்துக்கு மூன்று நான்கு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க, வேற பார்ட்டி காத்திருக்கு" என்று அவசரப்படுத்துபவரிடம் இந்தச் சோதனைகள் எதுவும் நடக்காது. அந்தக் காரை விட்டுவிடலாம்.

1. பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்

இரண்டு வருடத்தில் செல்ஃபோன் பேட்டரி படுத்துவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்குக் காரும் அப்படித்தான் ஆகும் என்ற பயம் இயல்பு. ஆனால் இன்று விற்கும் பெரும்பாலான மின்சார கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனித் திரவ ஓட்டம் இருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் உண்டு. ஆயிரக்கணக்கான கார்களின் தரவை அலசிய கனடாவின் ஜியோடேப் நிறுவனம், பேட்டரியின் கொள்ளளவு சராசரியாக வருடத்துக்கு 2.3 சதவீதம் குறைவதாக 2019இலும், 1.8 சதவீதம் குறைவதாக 2024இலும் சொன்னது. முதல் ஓரிரு வருடம் கொஞ்சம் வேகமாக இறங்கும். பிறகு நீண்ட காலம் மெதுவாகப் போகும்.

இவை சராசரிக் கணக்குகள். நம் ஊர் வெயில் அதில் அடங்காது. திரவக் குளிர்ச்சி இல்லாத முதல் தலைமுறை நிஸ்ஸான் லீஃப் கார்கள் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் சீக்கிரமே கொள்ளளவை இழந்து, 2012இல் பெரிய பிரச்சினையானது. வெப்பமும், முழு சார்ஜோடு நீண்ட நேரம் நிற்பதும்தான் லித்தியம் பேட்டரியின் முக்கிய எதிரிகள். ஆகவே 60,000 கிலோமீட்டர் ஓடி நிழலில் நின்ற கார், 15,000 கிலோமீட்டர் ஓடி வருடக்கணக்கில் மொட்டை வெயிலில் 100 சதவீத சார்ஜோடு நின்ற காரைவிட நல்ல நிலையில் இருக்கலாம். ஓடோமீட்டரை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்.

2. ஃபோனிலேயே கேட்டு முடிக்க வேண்டியவை

நேரில் போவதற்கு முன் ஆர்.சி.யின் இரு பக்கம், இன்சூரன்ஸ், நம்பர் பிளேட் தெரியும்படி காரின் படம் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள்.

நம்பர் பிளேட்டில் எழுத்தின் நிறத்தைக் கவனியுங்கள். மின்சார காருக்குப் பச்சைப் பலகை என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோகம், மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. டாக்சியாக ஓடிய கார் தினமும் வேக சார்ஜரில் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். பல நிறுவனங்களின் வாரன்டி விதிகளும் வாடகை வண்டிக்கு வேறு. பிளேட்டை மாற்றியிருக்கலாம் என்பதால் ஆர்.சி.யில் வாகன வகையையும், பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் பதிவு விவரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த கேள்வி: "பேட்டரி உங்களுடையதா, வாடகையா?" இது கிண்டல் இல்லை. 2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் வந்தபோது, பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம் ரூபாய், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் என்று ஒரு திட்டத்திலும் விற்றார்கள். இப்படி வாங்கிய காரில் பேட்டரியின் பேரில் ஒரு நிதி நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும். விலை சந்தையைவிட இரண்டு மூன்று லட்சம் குறைவாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மீதித் தொகையை அடைத்து முடித்ததற்கான கடிதம் கையில் வரும்வரை பணம் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது, முதல் பதிவுத் தேதி. வாரன்டியின் கடிகாரம் அன்றிலிருந்துதான் ஓடுகிறது.

3. வாரன்டியை எழுத்தில் வாங்குங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எட்டு வருட வாரன்டியில் இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்பதுதான் பழைய மின்சார காரின் உண்மையான விலை.

டாடா நெக்ஸான் இவி 2020 ஜனவரியில் வந்தபோது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை வாரன்டி கொடுத்தார்கள். அந்த முதல் கார்களுக்கு 2028 தொடக்கத்தில் அது முடிந்துவிடும். ஹூண்டாய் கோனாவுக்கும் மஹிந்திரா எக்ஸ்யூவி400க்கும் ஏறக்குறைய இதே அளவுதான்.

அண்மையில் வந்த மாடல்களில் "வாழ்நாள் வாரன்டி" என்ற விளம்பரம் அதிகம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அது பொதுவாக முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களில் கை மாறினால் அது 10 வருடம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்கும். விற்பவர் "லைஃப்டைம் வாரன்டி இருக்கு" என்று சொல்வது பொய்யாக இருக்காது. அவருக்கு இருக்கிறது, உங்களுக்கு இல்லை.

அந்தக் காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான்கு கேள்விகள் போதும்:
- பேட்டரி வாரன்டி எந்தத் தேதி, எந்தக் கிலோமீட்டர் வரை?
- இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா? மாற்றக் கட்டணம் உண்டா?
- கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் வாரன்டியில் சரிசெய்வீர்கள்?
- இந்தக் காரில் வாரன்டி ரத்தாகும்படி ஏதாவது பதிவாகியிருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு உலக அளவில் வழக்கமான பதில் 70 சதவீதம். ஆனால் எல்லா நிறுவனங்களும் அதைக் கையேட்டில் தெளிவாக அச்சிடுவதில்லை. ஃபோனில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அதனால்தான் மின்னஞ்சல். பதில் வர ஒரு வாரம்கூட ஆகலாம் என்பதால் இந்த வேலையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

4. சர்வீஸ் சென்டரில் பேட்டரி அறிக்கை

அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் காரை கணினியோடு இணைத்து, பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தை, அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் இப்போது எவ்வளவு மீதி என்பதை, எடுத்துத் தர முடியும். உரிமையாளர் கூட வர வேண்டும், அல்லது அவர் ஃபோனில் சம்மதம் சொல்ல வேண்டும். அரை நாள் ஆகும். சிலர் இலவசமாகச் செய்கிறார்கள், சிலர் ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறார்கள். கேட்டால் கொடுத்துவிடுங்கள், இந்தப் பணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அச்சிட்ட தாளாக, தேதியும் சேஸிஸ் எண்ணும் போட்டு வாங்குங்கள். வாய்மொழியாக "நல்லா இருக்கு" என்பது அறிக்கை ஆகாது.

அங்கே இருக்கும்போதே சர்வீஸ் வரலாற்றையும், பாக்கியுள்ள மென்பொருள் மாற்றங்களையும், திரும்ப அழைப்புகளையும் கேட்டுவிடுங்கள். உதாரணமாக, 2020 டிசம்பரில் ஹூண்டாய் இந்தியாவில் 456 கோனா கார்களை உயர் மின்னழுத்த பேட்டரி சோதனைக்காகத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்ப்பது அந்தக் காலத்துக் கோனா என்றால் அந்த வேலை முடிந்ததா என்று தெரியாமல் வாங்கக் கூடாது.

விவரம் தெரிந்த நண்பர் இருந்தால் காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஒரு புளூடூத் ஓபிடி கருவியைச் செருகி, கார் ஸ்கேனர் செயலியில் நேரடியாகவே பார்க்கலாம். கோனா, எம்.ஜி. இசட்.எஸ். போன்றவற்றுக்கு அதில் தயார் அமைப்பு இருக்கிறது. அதில் ஆரோக்கிய சதவீதத்தைவிட நான் நம்புவது செல்களுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசத்தை. நின்றிருக்கும் காரில் அதிகபட்ச செல்லுக்கும் குறைந்தபட்ச செல்லுக்கும் இடையே 20, 30 மில்லிவோல்ட் இருந்தால் கவலை இல்லை. 100ஐத் தாண்டினால் ஏதோ ஒரு செல் மற்றவற்றோடு சேர்ந்து போகவில்லை என்று அர்த்தம்.

ஆரோக்கிய சதவீதத்தை மட்டும் நம்பாததற்குக் காரணம், அது காரின் சொந்த மதிப்பீடு. திரையில் காட்டும் 100க்கு மேலேயும் 0க்குக் கீழேயும் கொஞ்சம் கொள்ளளவை நிறுவனம் ஒளித்து வைத்திருக்கும். நான்கு வருடம் ஓடிய காரிலும் 100 என்று காட்டுவது உண்டு. அதனால்தான் அடுத்த படி.

5. நீங்களே அளந்து பாருங்கள்

பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளப்பதுதான் பொய் சொல்லாத சோதனை. ஓர் இரவு தேவை. விற்பவரின் ஒத்துழைப்பும் தேவை. நல்ல பேட்டரி வைத்திருப்பவர் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

காரின் பேட்டரி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையா, என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்.எஃப்.பி. என்றால் அது அண்மையில் ஒருமுறையாவது 100 வரை சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். அந்த வகையில் பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதால், நீண்ட நாள் முழு சார்ஜ் காணாத காரில் சதவீதக் கணக்கே தப்பாக இருக்கும்.

பிறகு காரை 10 சதவீதம் வரை ஓட்டி இறக்குங்கள். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கிலோ சுவர் சார்ஜரிலோ போட்டு 100 வரை ஏற்றுங்கள். போன யூனிட்டை அளக்க மூன்று வழி: சுவர் சார்ஜரின் செயலி, தனியாக ஒரு மின் அளவி, அல்லது ஈ.பி. மீட்டர். ஈ.பி. மீட்டர் என்றால் வீட்டு ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்ந்துவிடும். அதை நம்பி முடிவு எடுக்காதீர்கள். பிளக்கில் செருகும் அளவி வாங்கினால் தொடர்ந்து 16 ஆம்பியர் தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மலிவானவை ஒரே இரவில் உருகிவிடும். 3.3 கிலோவாட் வேகத்தில் சிறிய பேட்டரிக்கே ஒன்பது மணி நேரம் பிடிக்கும்.

கணக்கு இப்படி. நெக்ஸானின் 30.2 யூனிட் பேட்டரி, 10லிருந்து 100 வரை ஏற 29 யூனிட் இழுத்தது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் ஆகும்போது வெப்பமாக 10 முதல் 15 சதவீதம் வீணாகும். அதனால் 29ஐ 0.88ஆல் பெருக்கினால் 25.5. இது 90 சதவீதத்துக்கான அளவு, 0.9ஆல் வகுத்தால் முழுக் கொள்ளளவு சுமார் 28.4. அதை 30.2ஆல் வகுத்தால் 94 சதவீதம். மேலே சொன்ன ஒளித்து வைத்த பங்கால், புதிய கார்கூட இந்தக் கணக்கில் நூறைத் தொடாமல் போகலாம். நான்கு ஐந்து சதவீதம் முன்பின் இருக்கும் முறை இது. எனவே 93க்கும் 95க்கும் சண்டை போட வேண்டாம்.

90க்கு மேல் வந்தால் பேட்டரியை மறந்துவிட்டு மற்றதைப் பாருங்கள். 80க்கும் 90க்கும் நடுவில் என்றால் விலையில் பேசலாம். 80க்குக் கீழே என்றால், வாரன்டி இருக்கும் பட்சத்தில் விற்பவரே புகார் பதிந்து, தீர்வு வந்த பிறகு பேசுங்கள். வாரன்டி முடிந்த கார் என்றால் வேண்டாம்.

இரவு முழுக்கக் காத்திருக்க முடியாதவர்கள் வேக சார்ஜரில் 20லிருந்து 80 வரை ஏற்றி, ரசீதில் உள்ள யூனிட்டை 0.6ஆல் வகுத்துப் பார்க்கலாம். யூனிட்டுக்கு இருபது ரூபாய் சுற்றி, வரி தனியாக ஆகும். துல்லியம் குறைவு. ஆனால் படுமோசமான பேட்டரியை இதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

6. ஓட்டிப் பார்க்கும்போது

திரையில் "இன்னும் 230 கி.மீ." என்று காட்டுவதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த எண் கடைசியாக எப்படி ஓட்டினார்கள் என்பதை வைத்து வருவது. இரண்டு நாள் ஏசி போடாமல், ஈகோ முறையில் நாற்பதில் உருட்டினால் எண் தானாக ஏறிவிடும். அதேபோல விளம்பர எண்ணோடு ஒப்பிட்டு நல்ல காரை ஒதுக்கவும் வேண்டாம். முதல் நெக்ஸான் இவிக்குச் சான்றிதழில் 312 கிலோமீட்டர். புதிதாக இருந்தபோதே சாலையில் 200 சுற்றித்தான் கிடைத்தது.

தாம்பரத்தில் ஏறி ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டி ஒரு ஐம்பது கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். ஏசி ஓடட்டும். பயண மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, போகும்போதும் வரும்போதும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் என்று கார் காட்டி, போய்வந்த அந்த 100 கிலோமீட்டரில் 50 சதவீதம் குறைந்திருந்தால், முழுக் கொள்ளளவு 28 யூனிட். இரவு எடுத்த கணக்கோடு இது ஒத்துப்போக வேண்டும். சதவீதம் சீராக இறங்காமல் 30லிருந்து சட்டென்று 22க்குக் குதித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரு விஷயம் தனியாக. காரில் 12 வோல்ட் சாதாரண பேட்டரி ஒன்றும் இருக்கிறது. அது பலவீனமானால் திரை முழுக்க எச்சரிக்கை வரும், கார் எழும்பாது. பெரிய பேட்டரி போய்விட்டது என்று பயப்படுவார்கள், அதைச் சொல்லியே விலை குறைத்து வாங்கும் புரோக்கர்களும் உண்டு. சில ஆயிரம் ரூபாயில் தீரும் விஷயம்.

7. தண்ணீரும் அடியும்

சென்னைக் காரென்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அது எங்கே நின்றது என்று கேளுங்கள். பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் ஐபி67 தரம் என்பார்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதன் பொருள், இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பது அதில் வராது. இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாறு, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் தெரியும் சேற்றுக் கறை, கார்ப்பெட்டுக்கு அடியில் வாடை: இவை போதும். லிஃப்டில் ஏற்றி பேட்டரியின் அடித்தகட்டையும் பாருங்கள். கல் பட்டு உள்ளே நசுங்கிய தகடு இருந்தால் வாரன்டிக் கோரிக்கையை மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

8. விலை

பேட்டரி முழுவதையும் மாற்றினால் எவ்வளவு என்று சர்வீஸ் சென்டரில் மதிப்பீடு கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லட்சங்களில் வரும். எரிசக்தி ஆய்வு நிறுவனமான ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். கணக்குப்படி 2024இல் உலக சராசரி ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர்தான். ஆனால் அது ஆலைகள் மொத்தமாக வாங்கும் விலை, உதிரிபாகக் கவுன்டரில் அந்த விலை கிடைக்காது. பெட்டிக்குள் பழுதான செல் தொகுதியை மட்டும் மாற்றித் தருவார்களா என்றும் கேளுங்கள். பல சமயம் முழுப் பெட்டியும் மாற்றத் தேவையில்லை.

தனி நபரிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. டீலரிடம் என்றால் அவருடைய லாபப் பங்கின் மீது 18 சதவீதம். 2025 ஜனவரிக்கு முன் இது 12 ஆக இருந்தது. காரின் முழு விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது கணக்கு காட்டினால் மறுத்துப் பேசுங்கள்.

9. காகிதங்கள்

விற்பனையைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதி, பெயர் மாற்றம் கோரும் படிவம் 30 ஒன்று, ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், இருவரின் ஆதார், பான். கடன் இருந்த கார் என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35உம். வேறு மாநிலக் கார் என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28, கூடவே இங்கே சாலை வரி உண்டா என்ற விசாரிப்பு. அந்த அலைச்சலுக்கு விலை மிகக் குறைவாக இருந்தால் ஒழிய இறங்க வேண்டாம். புகைச் சான்று மின்சார காருக்குத் தேவையில்லை. அதற்கு ஒரு தொகை கேட்கும் ஏஜென்ட்டும் இருக்கிறார், கவனம்.

சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான், மீதியெல்லாம் ஏஜென்ட்டின் கூலி. அதிகம் இழுப்பது வங்கியின் சான்று. இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அது வரும்வரை கடைசித் தவணையாக ஒரு தொகையை நிறுத்திவையுங்கள்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும் என்பதால் வித்தியாசத் தொகை கேட்பார்கள். பேட்டரியில் தண்ணீர் புகுந்தாலும், சார்ஜ் ஏறும்போது மின்சாரம் எகிறி பழுதானாலும் ஈடு தரும் கூடுதல் பாதுகாப்பை இப்போது பல நிறுவனங்கள் தருகின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் தெருவில் இருப்பவர்கள் யோசிக்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.

10. சாவி கைக்கு வந்த வாரம்

சார்ஜிங் கேபிள், இரண்டு சாவி, வாரன்டிப் புத்தகம் மூன்றையும் எண்ணி வாங்குங்கள். கேபிள் தொலைந்தால் தனியாக வாங்க நல்ல தொகை ஆகும். காரின் ஃபோன் செயலியில் பழைய ஓனரின் கணக்கை அவர் எதிரிலேயே நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கார் எங்கே நிற்கிறது என்பதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார், சில மாடல்களில் கதவைக்கூடத் திறக்கலாம்.

வீட்டில் 15 ஆம்பியர் பிளக்குக்குத் தனி வயர், நல்ல எர்த், தனி எம்.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். அப்புறம் சார்ஜ் பழக்கம்: என்.எம்.சி. பேட்டரியை அன்றாடம் 80 வரை ஏற்றினால் போதும், வெளியூர் போகும் முன் மட்டும் 100. எல்.எஃப்.பி.யை வாரத்துக்கு ஒருமுறை 100 வரை விட வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடிவந்த சூட்டோடு பிளக்கில் போடாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள். இரண்டு வாரம் ஊரில் இல்லையென்றால் 50 சதவீதத்தில், நிழலில் விட்டுவிட்டுப் போங்கள்.

ஆர்.சி. உங்கள் பெயரில் வந்ததும் அதன் நகலோடு நிறுவனத்துக்கு மறுபடி மின்னஞ்சல் அனுப்பி, வாரன்டி உங்கள் பெயருக்கு மாறியதற்கு உறுதி கேளுங்கள். மாற்றத்துக்குக் கெடு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு, அதனால் ஆர்.சி. வந்த அன்றே அனுப்பிவிடுங்கள். வரும் பதிலையும் பேட்டரி அறிக்கையையும் இரவு எடுத்த யூனிட் கணக்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்து எண்ணைச் சேர்த்துக்கொண்டே வந்தால், வாரன்டி கேட்கப் போகும்போதும் காரை விற்கும்போதும் அந்தக் கோப்பு உங்களுக்காகப் பேசும்.